போகி இல்லாத ஊர்

சென்ற வாரம் என் பேத்தி கூடத்துத் தரையில் சார்ட் தாளை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். 'உலகின் பனிக்கால விழாக்கள்' என்று பள்ளியில் கொடுத்த வேலை. போஸ்டர் கலர் புட்டியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். "தாத்தா, நீதான் ட்ராயிங் மாஸ்டராச்சே, போகி நெருப்புக்கு ஆரஞ்சா, செகப்பா?" என்றாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவன் வெகுநேரம் திரும்பவில்லை.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தேன். ஓவியம் படித்துவிட்டு ஓவியனாக முடியாதவன் அந்தக் காலத்தில் விளம்பரப் பலகை எழுதப் போவான். எனக்கு ஏணி என்றால் பயம், அதனால் வாத்தியார் ஆனேன். என் கையின் நேர்த்தியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. கனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

என் வகுப்பில் வரிசைக் குட்டு என்று ஒரு தண்டனை. தப்பு செய்த பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு குட்டு வைக்க வேண்டும். மெதுவாகக் குட்டினால் அவர்களுக்கு என்னிடம் அறை கிடைக்கும். ஆகவே யாரும் மெதுவாகக் குட்டியதில்லை.

கார் தொழிற்சாலை வந்த பிறகு எங்கள் பக்கம் கொரியக் குடும்பங்கள் வந்தன. ஒரு மார்கழியில் அந்த வீட்டுப் பெண்கள் பள்ளியைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பனிக்கால விழாக்களைக் கண்காட்சியாக வைப்போம் என்று யோசனை சொன்னவன் நான்தான். படிப்பாளி அல்லவா! கொரியப் புத்தாண்டுக்கு அரிசி வில்லைகளைச் சூப்பில் போட்டுக் குடிப்பார்கள், பஞ்சாபில் நெருப்பைச் சுற்றி ஆடுவார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். கொரியப் படத்தை நானே வரைந்து, பிள்ளைகள் வரைந்ததாகச் சொல்லி வைத்திருந்தேன். போகியை ஏழாம் வகுப்புக்குக் கொடுத்தேன்.

அந்த வகுப்பு முத்துச்செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அப்பா வெல்டர், ஒற்றை அறை வாடகை வீடு. அவள் வரைந்த தாளில் டயர் எரியவில்லை, மேளம் அடிக்கும் பையன்கள் இல்லை. வெள்ளையடித்துச் செம்மண் கோடு போட்ட மூன்று கட்டிகள்மேல் ஒரு பானை, கீழே பனையோலை நெருப்பு, பக்கத்தில் பனங்கிழங்கு.

"போகி எங்க?"

"எங்கூர்ல போகி கெடையாது சார். பொங்கக்கட்டி வச்சு நேரா பொங்கல்தான்."

"தமிழ்நாட்டுல போகி இல்லாத ஊரா? கத விடுறியா?"

"இல்ல சார், நெசமாத்தான்."

உள்ளூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். போகிக்கு விடியுமுன்னே டயர் கொளுத்தி மேளம் அடித்து வளர்ந்தவர்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். வரிசைக்குச் சொன்னேன். ஒருவன் குட்டும்போது "டம டம, போகி மேளம்டா!" என்றான். அடுத்தவர்கள் அதையே சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் குட்டினார்கள். நான் தடுக்கவில்லை, உள்ளுக்குள் சிரிப்பு வந்தது என்றுதான் எழுத வேண்டும். வலி தாங்காமல் அவள் தலையை இழுத்துக்கொண்டாள். முழங்கை பட்டு, பிரஷ் கழுவிய தண்ணீர் என் கொரியப் படத்தின்மேல் கவிழ்ந்தது.

அறைந்தேன். காதோடு சேர்த்து, முழுக் கையால். சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். எழுந்தபோது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அழக்கூட இல்லை. எங்கிருந்தோ சத்தம் வருவதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

மறுநாள் அவள் அப்பா ஷிப்டு முடிந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக் கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"பிள்ளைய இப்பிடியா சார் அடிப்பிய? என்ன தப்பு செஞ்சா, சொல்லுங்க."

நான் அவரைத் தாண்டி நடந்தேன். சட்டையைப் பிடித்தார். பிடித்தார் என்பதுகூட அதிகம், தோளைத் தொட்டு நிறுத்தினார். பள்ளி வேன் ஓட்டும் கன்னியப்பன் அதைப் பார்த்துவிட்டான். என்னிடம் படித்தவன், என் குட்டு வாங்கியவன்.

"இன்னாடா, எங்கிருந்தோ பொழைக்க வந்துட்டு எங்க சார் மேலயே கைய வெக்கிறியா?"

வேனுக்குள்ளிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்தான். டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் அடி முதுகில், அடுத்தது வாயில். அவர் மண்ணில் விழுந்து பல்லைத் துப்பிய பிறகும் மிதித்தார்கள். "அடிக்காதீய, எங்கப்பாவ அடிக்காதீய!" என்று முத்துச்செல்வி கத்தினாள். ஒருவன் அவள் சடையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டான்.

'நான்தான் அவளை அடித்தேன், அவரை விடுங்கள்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். கன்னியப்பன் என் பேச்சைத் தட்டமாட்டான். கலைந்திருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். எனக்காக இத்தனை பேர் வருகிறார்களே என்று ஒரு கிளுகிளுப்புகூட இருந்தது.

கொரியப் பெண்கள் வந்தார்கள், கை தட்டினார்கள், போனார்கள். பொங்கல் கழித்து முத்துச்செல்வி பள்ளிக்கு வரவில்லை. பிள்ளைப்பாக்கத்துச் சக ஆசிரியர் ஒருவர், தென்மாவட்டத்தில் பெண் எடுத்தவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "எம் மாமியார் ஊர்ல போகியே கெடையாது சார், எனக்கு மொத வருசம் சப்புனு போச்சு." அன்று சாயங்காலமே அந்த வாடகை வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. வீட்டுக்கார அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம கொள்ளாம காலி பண்ணிக்கினு பூட்டாங்க சார். அந்தப் பொண்ணுக்கு ஒரு காது கேக்கலியாம். இஸ்கூல்ல அடிச்சதுன்னு பேசிக்கிறாங்க. நெசமா சார்?"

"வேன்ல இறங்கும்போது விழுந்துட்டாம்மா," என்றேன்.

"அதான பார்த்தேன். வாத்தியாருங்க அப்பிடிப் பண்ணுவாங்களா?" என்றார்.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது தொழிலாளர் விடுதி. டயர் கொளுத்தினால் போலீஸ் பிடிக்கிறது. கன்னியப்பன் லாரியில் அடிபட்டுச் செத்தான். சாலையை அகலப்படுத்தியபோது அந்த வாடகை வீடு போய்விட்டது. வீட்டுக்கார அம்மா எங்கே என்று விசாரித்தேன். மகன் இருக்கும் ஊருக்குப் போய், அங்கேயே இறந்துவிட்டாராம். நெசமா சார் என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.