முதலில் ஏறிய உப்பு

கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி, பீரோவைச் சுற்றி வளைக்கிறார் அன்னபூர்ணி. "இவளுக்கு இடுப்பு பெருசு. படியில திரும்பமாட்டா. கதவக் கழட்டிடுங்க." வீட்டுச் சாமான் ஏற்ற வந்த பேக்கர்ஸ் கம்பெனி ஆட்கள் சிரிக்கிறார்கள், கதவைக் கழற்றவும் செய்கிறார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். மண்டி மொஹல்லாவில் மகன் ஸ்ரீகண்டன் வீட்டுக் கூடத்து மூலையில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது அதே ஊரில் விஜயநகரில் பெரிய முன்னறையுள்ள வாடகை வீடு பிடித்துவிட்டார். அங்கே தையல் வகுப்பு நடத்தப்போகிறார். தனியாகத்தான் இருக்கப்போகிறார். மகனுக்கு மனசில்லை. "முடியலன்னா திரும்பி..." என்று ஸ்ரீகண்டன் தொடங்கும்போதெல்லாம் அம்மாவின் மெஷின் கடகடவென்று ஓடும்.

அன்னபூர்ணியின் உதட்டில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். தமிழும் கன்னடமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வரும். ஆட்கள் வருவதற்கு முன்பே பாத்திரங்களையெல்லாம் புளி போட்டுத் துலக்கிவிட்டார். "அழுக்குப் பாத்திரத்தக் குடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க?" மெஷின் எண்ணெயை ஏற்றமாட்டோம் என்று கம்பெனி சொன்னதும், அது பக்கத்து வீட்டு லிங்கம்மாவுக்குப் போனது. ஊசி டப்பாவை மட்டும் யார் கையிலும் கொடுக்கவில்லை.

சறுக்கியது ஒரே இடத்தில். புது வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும் விளக்கும்தான் முதலில் போகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் அந்தப் பெட்டியை எல்லாவற்றுக்கும் முன்னால் சூப்பர்வைசர் மஞ்சுநாத்திடம் கொடுத்து, "இது ஃபர்ஸ்ட்டு" என்றார். அவரும் ஃபர்ஸ்டாகவே ஏற்றிவிட்டார். சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்ற லாரி நிறைந்த பிறகுதான் மஞ்சுநாத்துக்கு விஷயம் புரிந்தது.

"அய்யோ அம்மா, மொதல்ல ஏத்தினது கடேசிலதான் எறங்கும்! பீரோ, கட்டில், எல்லாத்துக்கும் பின்னாடி மாட்டிக்கிச்சு."

"மொதல்ல எறங்கணும்னுதானேப்பா மொதல்ல குடுத்தேன்!"

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ரீகண்டன் சிரிக்கவில்லை. "பாரும்மா, ஆரம்பமே சரியில்ல. தனியா எப்படிச் சமாளிப்ப? இப்பவும் ஒண்ணும் ஆகல. எல்லாத்தையும் எறக்கிடலாம்."

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. மஞ்சுநாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்னபூர்ணி குண்டூசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். "ஸ்வல்ப இரி", கொஞ்சம் இருங்க, என்று மஞ்சுநாத்திடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது துணிப்பையில் ஒரு கல் உப்பு பாக்கெட், மஞ்சள் கிழங்கு, அகல் விளக்கு.

"புது வீட்டுக்குப் புது உப்பு போகட்டும்டா."

"அப்ப அந்தப் பெட்டி?"

"அது மெதுவா வரட்டும். நீயும் சாயங்காலம் வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. என் வீட்டுல காபி குடிச்சிட்டுப் போ."

லாரியில் டிரைவர் பக்கத்து இருக்கை நல்ல உயரம். அன்னபூர்ணி பையை மகன் கையில் கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறினார். உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகு, பையை வாங்கிக்கொள்ள ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் மகனிடம் நீட்டினார்.