காய்ச்சல் விட்ட நாளில் உடைத்த தேங்காய்

தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என் மனைவி சாந்தினிக்குக் காய்ச்சல் தொடங்கியது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். எனக்குத் துளியும் பயம் வரவில்லை. அடியார்களே, என் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

ஏன் பயம் வரவில்லை என்று சொல்கிறேன். நான் பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என் பஸ்ஸில்தான் போகிறார்கள். ஏறும்போதே ஆளைப் பார்த்து இன்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். மூக்கைச் சிந்திக்கொண்டு ஏறினால் வெறும் தடிமன். வீட்டோடு நாலு பேர் இருமி இருமி ஏறினால் இன்புளுவன்சா. இறங்கும் இடத்தை வாயால் சொல்ல முடியாமல் கையால் காட்டினால், தாடைக்குக் கீழே வீக்கத்தைப் பார்க்க வேண்டியதுதான், கூகைக்கட்டு. படியில் ஏற முழங்கால் மடங்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் சிக்குன்குனியா. உடம்பில் ஒன்று பழுத்தும் ஒன்று காய்ந்தும் கொப்புளம் இருந்தால் கொப்பளிப்பான். அவருக்குக் கடைசி சீற், யன்னலும் திறந்தபடி. பின்னேரம் திரும்பி வரும்போது டொக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவராக விசாரிப்பேன். பெரும்பாலும் நான் சொன்னதாகத்தான் இருக்கும். 'எம்.பி.பி.எஸ். கண்டக்டர்' என்று சனம் நக்கலடித்தது. நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

சாந்தினிக்குத் தடிமன் இல்லை, இருமல் இல்லை, தொண்டை நோவும் இல்லை. காய்ச்சலும் கண் குத்தும் உடம்பு உளைவும் மட்டும்தான். ஒரு குழந்தைப்பிள்ளைகூட யோசித்திருக்கும். நான் 'சாதாரண வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் போய்விடும்' என்று தீர்ப்புச் சொன்னேன்.

"எந்த வைரஸ் எண்டு ரத்தம் குத்திப் பாப்பமே?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சொல்கிறவனை வீட்டில் நம்பவில்லையே! பரசிற்றமோலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

வியாழக்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. என் தலைக்கனம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. அவள் சாப்பிடவில்லை. கதைக்கவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் கதைக்காவிட்டால் எங்கள் வீட்டில் வேறு குரல் கிடையாது. குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

எங்கள் பாதையில், உடையார்கட்டுக்கு இந்தப் பக்கம், றோட்டோரத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். எல்லா பஸ்ஸும் அவரடியில் ஒரு நிமிடம் நிற்கும். நான் இறங்கி ஓடிப்போய்த் திருநீறு பூசிக்கொண்டு ஓடி வருவேன். அன்றைக்கு ஓடி வரவில்லை. மண்ணில் விழுந்து கும்பிட்டேன். 'பிள்ளையாரப்பா, சாந்தினியின் காய்ச்சல் நாளைக்கு இறங்க வேணும். பதினொரு தேங்காய் உடைக்கிறேன்' என்று நேர்ந்தேன். டிரைவர் குகன் அண்ணை ஹோர்ன் அடித்தும் நான் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய எழும்பி அவள் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்து போயிருந்தது. வேர்த்து, காய்ச்சல் முற்றாக விட்டுவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. களைப்பாய் இருக்கிறது என்றாள். நாலு நாள் காய்ச்சலுக்குக் களைப்பு வரத்தானே செய்யும் என்றேன். பக்கத்து வீட்டுத் தவமணி அக்காவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, சாக்கில் பதினொரு தேங்காயோடு வேலைக்குப் புறப்பட்டேன்.

அன்று பஸ்ஸுக்குள் நான் டிக்கெட் கொடுத்ததைவிடப் பிள்ளையாரின் அருளுக்குச் சாட்சி சொன்னதுதான் அதிகம். பிள்ளையாரடியில் பஸ்ஸை நிறுத்தி, சனம் முழுக்க யன்னலால் பார்க்க, தேங்காய் உடைக்கத் தொடங்கினேன். பின்னால் வந்த பஸ் எங்களைக் கடந்து போனது. குகன் அண்ணை பல்லைக் கடித்தார். நாலாவது தேங்காய் சிதறும்போது கோயில் ஐயர் திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸுக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்.

ஐயரின் முகம் மலரவில்லை.

"எத்தினையாம் நாள் காய்ச்சல் விட்டது?"

"நாலாம் நாள், ஐயா."

"தடிமன், இருமல்?"

"ஒண்டும் இல்லை, ஐயா."

"வயித்துக்குள்ள நோகுதாமோ?"

அதை நான் அவளிடம் கேட்கவில்லை.

"மனுசி காலமை மூத்திரம் போனவாவோ?"

சந்நிதானத்தில், கையில் தேங்காயோடு, ஐம்பது பேருக்கு முன்னால் என்னிடம் கேட்ட கேள்வி இது.

"போன வருசம் எனக்கு டெங்கு வந்தது. எனக்கும் நாலாம் நாள்தான் விட்டது. சுகம் எண்டு நினைச்சுப் பூசைக்கு வந்து இந்தப் படியிலதான் விழுந்தனான். மிச்சத்தை உடைக்காதையும். மனுசிக்கு ஃபோன் எடும்."

எடுத்தேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கரும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஐயர் கேட்டதை அப்படியே அவளிடம் கேட்டேன்.

"பஸ்ஸுக்க நிண்டு கேக்கிற கேள்வியே இது?" என்றாள் சாந்தினி. குரல் கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "நேற்றுப் பின்னேரத்துக்குப் பிறகு போகேல்லை. வயிறு நோகுது. ரெண்டு தரம் சத்தி எடுத்தனான். காய்ச்சல்தான் விட்டிட்டுதே எண்டு உங்களுக்குச் சொல்லேல்லை."

"வெளிக்கிட்டு ஒழுங்கை முகப்பில நில்லு, வாறம்" என்று சொல்லிக்கொண்டே மிச்சத் தேங்காய்ச் சாக்கோடு பஸ்ஸில் ஏறினேன். குகன் அண்ணை என்னைக் கேட்காமலே பஸ்ஸை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த பஸ் எங்கள் வீட்டு ஒழுங்கை வரைக்கும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டிய இரண்டு பேர் இறங்கவில்லை. தேங்காய்கள் சீற்றுகளுக்குக் கீழே உருண்டன.

ஒழுங்கை முகப்பில் தவமணி அக்காவின் தோளில் சாய்ந்தபடி சாந்தினி நின்றாள். நல்ல சேலை உடுத்து, தலை வாரி இழுத்திருந்தாள். கை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. முன் சீற்றில் இருக்கச் சொன்னால், 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"அது ஐயர்மாற்ற சீற்."

"ஐயர்தான் அனுப்பினவர், இரு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட கேள்விகளும் ஐயர் கேட்டவைதான். நான் பழக்க தோஷத்தில், இது வைரஸ் காய்ச்சல் என்று எடுத்துக் கொடுத்தேன். "டெங்கும் வைரஸ்தான், ஐயா" என்றார் அவர். அதோடு என் பட்டம் போய்விட்டது. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்கில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் என்றும், அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆளைக் கொண்டுபோகும் என்றும் விளங்கப்படுத்தினார். பின்னேரம் வரை விட்டிருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பஸ்ஸில் காய்ச்சலோடு போகிறவர்களைத்தான் நான் பத்தொன்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் விட்டவர்கள் எவரும் ஏறியதில்லை. அவர்கள் வீட்டில் படுத்திருந்தார்கள். சிலர் எழும்பவில்லை.

இரண்டு நாள் அவள் குடித்த ஒவ்வொரு மிடறையும், அவளால் போன ஒவ்வொரு துளியையும் அளந்து எழுதினோம். என் வாழ்க்கையில் நான் அப்படி மன்றாடியதில்லை. மந்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. 'பிள்ளையாரப்பா, மூத்திரம்' என்பதுதான் என் பிரார்த்தனை. சிரிக்காதீர்கள். வெள்ளி பின்னேரம் தாதி வந்து நல்ல அளவாய்ப் போயிருக்கிறது என்று சொன்னபோது, கோபுர தரிசனம் கண்டவன் போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை அவள் உள்ளங்கையும் பாதமும் அரிப்பெடுத்துக் கடித்து, கால் முழுக்கச் சிவந்து போனது. சின்னமுத்து அம்மை வந்துவிட்டது என்று நான் வார்ட்டுக்குள் ஓடித் திரிந்தேன். டெங்கு மாறும்போது சிலருக்கு இப்படிக் கடிக்கும், நல்ல அறிகுறி என்று டொக்டர் சொன்னார். சாந்தினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆறு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். என் அறிவீனத்துக்காகவாவது சிரித்தாளே!

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை கழித்து, அவளையும் கூட்டிக்கொண்டு போய் மிச்சம் ஏழு தேங்காயையும் உடைத்தேன். பிள்ளையார் என் மன்றாட்டைச் சொல்லுக்குச் சொல் கேட்டவர். காய்ச்சலை இறக்கு என்றேன், இறக்கினார். கேட்டவன் மடையன் என்று தெரிந்ததால், நான் கேட்க மறந்த கேள்வியை ஐயரின் வாயால் அவரே கேட்டார். இதை நான் சாகும்வரை சொல்வேன்.

இப்போது நான் எவருக்கும் வருத்தத்தின் பெயர் சொல்வதில்லை. எத்தனையாம் நாள் என்று மட்டும் கேட்கிறேன், ரத்தம் குத்திப் பார்க்கச் சொல்கிறேன். அடியார்களே, நீங்களும் நம்பி நேர்ந்துகொள்ளுங்கள். அவர் கேட்பார். ஆனால் காய்ச்சல் விட்ட அன்றைக்கே தேங்காயைத் தூக்காதீர்கள். ஆளை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பிள்ளையார் எங்கேயும் போகமாட்டார், இருந்து வாங்கிக்கொள்வார்.

அன்று பஸ்ஸில் இருந்த சனம் இன்னும் என்னை விடவில்லை. டிக்கெட் கொடுக்கப் போனால், "அண்ணை, அக்கா ஒழுங்காய் மூத்திரம் போறாவோ?" என்று கேட்கிறார்கள். சாந்தினி வெட்கத்தில் என் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டாள். நான் மட்டும் ஒருவருக்கும் கோபிப்பதில்லை. "ஓம், போறா" என்று சொல்வேன். சொல்லும்போது கை தானாகப் போய் நெற்றித் திருநீற்றைத் தொடும்.