ஃப்ரிட்ஜின் சூட்டை எழுதிய மெமரி கார்டு

அந்தக் கோடையில் என் மனைவியின் சர்க்கரை இறங்க மறுத்தது. இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போனோம்; அது பாட்டுக்கு மேலேயே நின்றது. கடைசியில் டாக்டர் ஒன்று கேட்டார்: பகலில் கரண்ட் போகிறதே, மருந்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? மருந்து சூடுபட்டுக் கெட்டிருந்தால் ஊசியில் ஏறுவது வெறும் தண்ணீருக்குச் சமம். கெடவில்லை என்றால் அவள் உடம்புக்குள் வேறு என்னவோ நடக்கிறது, அதற்குத் தனியாகச் சோதனைகள் இருக்கின்றன என்றார்.

புதுக் குப்பி வாங்கினாலும் அதுவும் எங்கள் கிழட்டு ஃப்ரிட்ஜுக்குள்தானே போகும்? ஆக, ஃப்ரிட்ஜ்தான் குற்றவாளி என்று நிரூபிப்பது என் வேலையாயிற்று. தன் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவன் எங்கள் செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

மருந்துக்கடையில் தெர்மாமீட்டர் கிடைக்கும். ஆனால் பகல் முழுக்க நாங்கள் இருவரும் ஆபீசில். அதைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அப்போது எங்கள் ஆபீசில் பாதிப் பேருக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது: நிரல் எழுதி ஏற்றினால் சொன்னபடி ஆடும், உள்ளங்கை அகல மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. என்னுடையது ஒரு சின்ன விளக்கை மினுக்கிக் காட்டிவிட்டு அலமாரியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்பினேன். சென்சார் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும், போர்டு வெளியே இருக்கும், நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே உள்ள சூட்டை மெமரி கார்டில் எழுதி வைக்கும். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. என் திட்டங்களில் எப்போதும் குறை இருந்ததில்லை. வேலை ஆரம்பித்த பிறகுதான் வரும்.

மெமரி கார்டு மூன்று சொச்சம் வோல்ட்டில் வாழும் ஜீவன். போர்டு பேசுவது ஐந்து வோல்ட்டில். நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும் என்று இணையத்தில் எல்லோரும் எழுதியிருந்தார்கள். எல்லோரும் எழுதியதைப் படிக்கிற ஆளா நான்? கேமராவிலிருந்து கார்டை உருவி நேராகக் கம்பி கொடுத்தேன். கார்டு கொஞ்சம் சூடாயிற்று. அதன் பிறகு கேமரா கூப்பிட்டும் பேசவில்லை.

"கைக்கு இவ்ளோ அவசரம்?" என்றாள் மனைவி. பல தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. எதுக்கு என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று அந்த ஊர் உருது அவள் தமிழில் கலந்து வரும். "போட்டோ எல்லாம் லாப்டாப்ல ஏத்தி வச்சிட்டேன். பொழச்சீங்க."

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். அவள் வேறொரு கம்பெனியில் டெஸ்டர். என்னைப் போன்றவர்கள் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடித்தால்தான் அவளுக்குச் சம்பளம்.

புதுக் கார்டை ரெசிஸ்டரோடு மாட்டினேன். மறுநாள் சாயங்காலம் வந்ததும் கார்டை லாப்டாப்பில் செருகினேன். நாலு டிகிரி, ஐந்து டிகிரி, மறுபடி நாலு. கடைசி வரி வரைக்கும் அதுவே. ஃப்ரிட்ஜ் யோக்கியம். மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்த்தேன்.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு கரண்ட் போச்சா?"

"போச்சாம். பக்கத்து வீட்ல சொன்னாங்க. ரொம்ப நேரமாம்."

"உங்க போர்டுக்கு கரண்ட் எங்கேந்து வருது?"

நான் சுவரைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜும் என் போர்டும் ஒரே பிளக் பாயின்ட்டில் அண்ணன் தம்பியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து தூங்கும். வந்தால் ஃப்ரிட்ஜ் எழும்; என் போர்டு பட்டனை அமுக்கினால்தான் மறுபடி எழுதும்.

"ஹவ்! கரண்ட் இருக்கறப்ப ஃப்ரிட்ஜ் ஜில்லுன்னு இருக்கும்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. பேப்பர்ல போடச் சொல்லலாமா?"

கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அந்தக் கோடையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் நம்பிக்கை திரும்ப வந்தது. ஃப்ரிட்ஜ் இன்னும் நிரபராதி ஆகவில்லையே.

போர்டைப் பென்சில் பேட்டரிகளுக்கு மாற்றினேன். இந்தத் தடவை கார்டு எல்லாவற்றையும் எழுதியது. மதியம் கரண்ட் போனதும் எண்கள் மெல்ல ஏறின. ஏறு, ஏறு என்று விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏழு டிகிரியைத் தொட்டது, பிறகு கரண்ட் வந்து இறங்கிவிட்டது. எட்டு வரைக்கும் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. அந்த வாரம் முழுக்க ஒரு நாள்கூட எட்டைத் தாண்டவில்லை.

"சென்சார் தப்பா இருக்கும்" என்றேன்.

"ஐஸ் தண்ணில முக்கிப் பாருங்க."

டம்ளரில் ஐஸைப் போட்டு முக்கினேன். பூஜ்யம் காட்டியது. சரி, நிரலில் தப்பு இருக்கும் என்று வரி வரியாகத் தேடினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் நிரலில் பிழையே இல்லை என்று டெஸ்டர்களோடு மல்லுக்கு நின்றவன், ஒரே ஒரு பிழையாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"விடுங்க பா" என்றாள். "கல்யாணம் ஆனதுலேந்து பாக்கறேன், நீங்க வீட்ல செஞ்சது ஒண்ணு ஒழுங்கா ஓடுறது இப்பதான். இதுல போயா?"

"இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாக்கலாமே."

"நக்கோ."

ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்தாள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி, ஊசியில் ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதில் இருந்தது நல்ல மருந்து என்று இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நாளைக்கு டாக்டர் சொன்ன டெஸ்டுக்குப் போயிடலாம். வெறும் வயித்தோட வரணுமாம். நீங்களும் லீவு சொல்லிடுங்க."

மானேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன்.  காரணம் சொல்ல வேண்டிய இடத்தில், வீட்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று எழுதி அனுப்பினேன்.