கடைசி அத்தியாயத்தை நம்பாதவள்

எனக்கு இருபத்தொன்பது வயதானபோது, எனக்கு ரகசியமாக ஒரு காதலன் இருக்கிறான் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றேன். வேறென்ன காரணம் இருக்க முடியும்? தோல் மண்டிக்குக் கிளம்பும் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், என் செல்போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட அக்கா, நான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து வருவாள்.

உண்மை ரொம்பச் சாதாரணமானது. ஆணோ பெண்ணோ, யார் மீதும் எனக்கு அந்த ஈர்ப்பு வந்ததேயில்லை. ஏசெக்ஷுவல் என்று அதற்கொரு பெயர் இருப்பதை இணையத்தில் படித்திருந்தேன். வீட்டில் சொல்லத்தான் தமிழில் வார்த்தை அகப்படவில்லை.

நான் ஆங்கிலம் நடத்திய பள்ளியில், நூலகத்துக்கு வரும் புதுப் புத்தகங்களை முதலில் படித்துப் பார்ப்பது என் வேலை. அப்படி வந்ததுதான் அந்தச் சாகச நாவல், மூன்று பாகம். பதினேழு வயதுப் பெண். கீழே விழும் எதையும் அந்தரத்தில் நிறுத்திவிடுவாள். கூட்டாளிப் பையன் காதலைச் சொல்லும்போது, தனக்கு யார் மீதும் அப்படித் தோன்றுவதில்லை, அதில் வருத்தமும் இல்லை என்கிறாள்.

எனக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது. நான் படித்த இந்த மாதிரிக் கதைகளில் ஆசையில்லாதவர்கள் இயந்திரமாக இருப்பார்கள், இல்லையென்றால் ஈவிரக்கமில்லாத வில்லனாக. தப்பித்தவறி மனிதராக இருந்தால், கடைசி அத்தியாயத்தில் ஒருவன் வந்து சரிசெய்துவிடுவான். இரண்டாம் பாகத்தில் ஒரு மருத்துவர், சக்தியைக் கொடுத்த விபத்துதான் அவள் மனதில் எதையோ அணைத்துவிட்டது என்றார். வந்துவிட்டது பார் என்று மூடி வைத்துவிட்டேன்.

சில நாளில் மூன்று புத்தகங்களையும் வீட்டில் என் அலமாரியில் காணோம். ஞாயிறு மதியம் அக்கா அவற்றோடு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"ஸ்கூல் புக்குக்கா. சீல் இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். நம்பல. அதான் மூணையும் படிச்சேன்." மூன்றாம் பாகத்தை என் பக்கம் தள்ளினாள். "அந்த டாக்டரு பொய் சொல்றான். அந்தப் புள்ள விபத்துக்கு முன்னாடியும் அப்படித்தான். கடைசி வரைக்கும் கல்யாணம் கட்டல. சாகவும் இல்ல."

என் வாயைப் பிடுங்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களை அங்கேயே படித்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது. பின்னொரு நாள் முழுவதையும் படித்தபோது குறைகளும் தெரிந்தன. பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் பாடம் நடத்துவதுபோலத் தன்னை விளக்கிக்கொண்டேயிருந்தாள். மற்ற எல்லோருக்கும் ஜோடி, அவளுக்கு ஒரு பூனை. ஆனாலும் அவளை யாரும் சரிசெய்யவில்லை.

அன்று நான் கடைசிப் பக்கத்தை மூடியதும், "நீயும் அந்தப் புள்ள மாதிரியா?" என்றாள் அக்கா.

அம்மா கேட்கச் சொன்ன கேள்வியோ? அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டினேன். நிற்கவில்லை.

"ஆமா."

"அப்ப யாருமே இல்லையா?"

"யாருமே இல்லக்கா."

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். "இத மொதல்லயே சொல்லிருந்தா உன் போனை இம்புட்டு நோண்டிருக்க மாட்டேன்ல."

புத்தகங்களைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்தபோது தலைமையாசிரியர், "காதல் கீதல்னு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அதற்குப் பிறகும் அவரே ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நூலகத்துக்கு அனுப்பினார்.

அடுத்த மாதம் வத்தலக்குண்டிலிருந்து ஒரு வரன் வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "அவளுக்கு இப்ப வேணாம்த்தா" என்றாள். அத்தா மறுபேச்சில்லாமல் போட்டோவைத் திருப்பி அனுப்பினார்.

வாசல்வரை வந்து அவளை வழியனுப்பும்போது கேட்டேன்: "இப்பன்னு ஏன் சொன்ன?"

"அத்தாட்ட அம்புட்டுதான் சொல்ல முடியும்டி."

அது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் சொந்தக்காரர் நிக்காஹ்களில், மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் அக்கா இன்னும் என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்றுதான் பார்க்கிறாள்.