அடுப்பு தூங்குதுன்னு சொன்னாங்க

மழையில நனைஞ்ச புகைக்கரி வாசனை தெரியுமா உங்களுக்கு? துருப்பிடிச்ச தகரமும் பழைய சாம்பலும் கலந்த மாதிரி இருக்கும். மூக்குல ஏறிட்டா சோப்பு போட்டாலும் போகாது...

லிட்டில் இந்தியாவுல ஒரு சின்ன சைவச் சாப்பாட்டுக் கடை. எனக்கு பத்தொம்பது வயசு. வேற வேலை கிடைக்கிற வரைக்கும்னு சேர்ந்தேன். கிளமெண்டில இருந்து ரெண்டு பஸ் மாறி வருவேன். வேலையில அரைகுறை, வாய் மட்டும் முழுசு.

கேஸ் அடுப்பு இருந்தாலும் சாம்பாரும் ரசமும் கரி அடுப்புலதான் வைக்கணும்னு முதலாளி ஒத்தக் கால்ல நிப்பார். செங்கல் அடுப்பு. அதுமேல தகரக் குழாய், கூரைக்கு வெளிய போகும். குழாய்க்குள்ள ஒரு இரும்புத் தட்டு இருக்கும். வெளிய இருக்கற கைப்பிடிய குறுக்கால திருப்பினா புகைவழி மூடிக்கும்.

இதையெல்லாம் பார்த்துக்கிட்டது எங்க சமையல்கார தனம் அக்கா. கல்யாணமாகி ஊர்லேர்ந்து வந்தவங்க. வாராவாரம் திங்கக்கிழமை காலையில குழாய கழட்டி, நீளக் கம்புல சாக்கு சுத்தி உள்ள விட்டு இழுப்பாங்க. கரி கொத்துக்கொத்தா விழும். "இது சேர்ந்தா குழாயே தீப்பிடிச்சுக்கும்டி"ன்னு சொல்லிட்டு, மூக்கு நுனியெல்லாம் கருப்பா சிரிப்பாங்க.

அப்போ அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசு. குழந்தை இல்ல. ஆஸ்பத்திரிலயும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, பக்கத்துல அம்மன் கோயிலுக்கு நாப்பத்தெட்டு வெள்ளிக்கிழமை விரதமும் வேண்டிக்கிட்டு இருந்தாங்க. தண்ணி மட்டும்தான். நாப்பத்தி மூணு முடிஞ்சிருந்துச்சு.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும். நெருப்பு "அணைஞ்சிடுச்சு"ன்னு எங்க கடையில யாரும் சொல்லக்கூடாது. சொன்னா முதலாளி முறைப்பார். சாம்பல் மூடி உள்ள கங்கு இருந்தா "அடுப்பு தூங்குது". சுத்தமா அணைஞ்சா "மலையேறிடுச்சு".

நான் ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சேன். ஸ்கூல் தமிழ்ல ஏ ஒன் வாங்கினவ பாருங்க...

அந்த நாப்பத்தி நாலாவது வெள்ளி. மதிய கூட்டம் போயிடுச்சு. அப்படி ஒரு மழை. சாரல் அடிக்குதுன்னு அக்கா பின்கதவையும் ஜன்னலையும் சாத்திட்டு, அரிசி மூட்டை பக்கத்துல பாய் போட்டாங்க.

"அடுப்பு தூங்குதுடி. நானும் கொஞ்சம் சாயறேன். தலை கிர்ருங்குது."

குழாய் வழியா கருப்புத் தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்பதான் மேடையத் தொடைச்சிருக்கேன், எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அடுப்புதான் அணைஞ்சிடுச்சேன்னு கைப்பிடியத் திருப்பிட்டு, நடுக்கதவையும் இழுத்துச் சாத்திட்டு முன்னாடி வந்துட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு தண்ணி கிளாஸ் எடுக்க உள்ள போனேன். அக்கா வாந்தி எடுத்து, அதுலயே கன்னத்தை வச்சுக் கிடந்தாங்க. கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணு திறக்கல. எனக்கும் தலை சுத்துச்சு, பயத்துலன்னு நினைச்சேன்.

நான் போட்ட கத்துல முதலாளி ஓடி வந்தார். ரெண்டு பேருமா வெளிய இழுத்துட்டு வந்து கடை வாசல்ல படுக்க வச்சோம். மழைக்காத்து பட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் முனகினாங்க.

"வெறும் வயித்தோட நெருப்பு முன்னாடி நின்னா இப்படித்தான் ஆகும்"னு முதலாளி திட்டினார். பக்கத்துக் கடைக்காரங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. கிளினிக்ல விரதம்னு சொன்னோம், குளுக்கோஸ் ஏத்தி அனுப்பினாங்க. சக்கரை தூக்கலா ஒரு தேத்தண்ணி போட்டு நான்தான் குடிக்க வச்சேன். "இனிமே விரதம் கிரதம்னு சொன்னீங்க, பாருங்க"ன்னு அதட்டல் வேற.

சாயங்காலம் அடுப்பு மூட்டினப்ப புகை திருப்பி அடிச்சுது. நானே போய் கைப்பிடியத் திறந்துவிட்டேன். அப்பக்கூட என் மண்டையில ஒண்ணும் உறைக்கல.

அதுக்கப்புறம் அக்கா விரதம் இருக்கவே இல்ல. வெள்ளிக்கிழமையும் எங்களோட உக்காந்து சாப்பிட்டாங்க. எனக்கு சந்தோஷமா வேற இருந்துச்சு.

போன மாசம் என் ஆபீஸ்ல சேஃப்டி டிரெய்னிங். தூக்கம் தூக்கமா வந்துச்சு. திடீர்னு ஒரு ஸ்லைடு... மூடின ரூம், கரி அடுப்பு, அடைச்ச புகைக்குழாய். அதுல வர்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, வாந்தி, மயக்கம், அப்புறம் சாவு.

டிரெய்னர்கிட்ட கையத் தூக்கிக் கேட்டேன். "மேல சாம்பல் மூடியிருந்தா?"

"அதுதான் டேஞ்சர், மேடம். செத்த மாதிரி தெரியும். உள்ள எரிஞ்சுக்கிட்டே இருக்கும்லா."

விரத மயக்கம் இல்ல, ஃப்ரெண்ட்ஸ். நான்! என் கையால! இன்னும் கொஞ்ச நேரம் கிளாஸ் தேவைப்படாம இருந்திருந்தா நான் ஒரு கொலைகாரி. முப்பத்தி மூணு வருஷமா அது தெரியாம, "நான்தான் அக்காவைக் காப்பாத்தினேன்"னு கதை வேற சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

இப்ப என் வீட்டுல கரியும் இல்ல, புகையும் இல்ல. அடுப்பை மறந்துட்டா அதுவே கத்தி ஆஃப் ஆயிடுது. அப்ப எங்களுக்குக் கத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு வார்த்தை இருந்துச்சு, அதையும் நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.

விசாரிச்சு விசாரிச்சு கண்டுபிடிச்சேன். அக்கா புக்கிட் மேராவுல தனியா இருக்காங்க. மாமா, அதான் அவங்க வீட்டுக்காரர், தவறிட்டாராம். போய் காலைப் பிடிக்காத குறையா எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாங்க, இல்ல சிரிச்சு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டும் இல்ல.

"நாலே நாலு வெள்ளிதான்டி பாக்கி இருந்துச்சு"ன்னாங்க. "அந்த அம்மனே என்னைக் கீழ தள்ளிட்டா, உனக்குப் பிள்ளை வேணாம்னு சொல்றான்னு நினைச்சேன். அதோட ஆஸ்பத்திரிக்கும் போறத விட்டுட்டேன். மாமா எவ்வளவோ கெஞ்சினார்..."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க.

"அப்போ... அம்மா வேணாம்னு சொல்லவே இல்லையாடி?"

அவங்களுக்கு இப்ப அறுபத்தி எட்டு வயசு.