பேச்சி எழுதிய ஏழாம் பக்கம்

ரப்பரால் அழுத்தித் தேய்த்த தாளில் மெல்லிய சூடும் ஒரு மாதிரிப் புளித்த மணமும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் என் கதை நோட்டு முழுக்க அந்த மணம்தான், ஏனென்றால் நான் எழுதியதில் பாதியைப் பேச்சி அழிக்க வைத்துவிடுவாள்.

பேச்சி மேலூர்க்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே கல் குவாரியில் வேலை. படிப்புக்காக வில்லாபுரத்தில், எங்கள் பக்கத்து வீட்டில், அத்தையோடு தங்கியிருந்தாள். நான் எதை எழுதினாலும் முதலில் அவளிடம்தான் கொடுப்பேன். அவள் ஓரத்தில் "சும்மா அளக்குற" என்றோ, "இம்புட்டு அழுகை எதுக்கு" என்றோ பென்சிலால் எழுதித் தருவாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் திருத்துவேன். கதை தேறிவிடும். நான் வாங்கிய பரிசுகளில் பாதி அவளுடையவை.

ஒரு கதைப் போட்டிக்கு அந்த வருடம் அவளும் எழுதினாள்.

"உள்ளதச் சொல்லுடி, மாத்திப்புடுறேன்" என்று நோட்டை நீட்டினாள்.

முதல் ஆறு பக்கமும் நிலா, தென்றல், இரவல் வர்ணனை. ஏழாம் பக்கத்தில், குவாரியில் விரல்களை இழந்த அப்பா இடது கையால் சோறு பிசையப் பழகுகிறார். மகள் பார்ப்பது தெரிந்ததும் தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்த இடத்தை இரண்டாம் முறை படித்தேன். இப்படி ஒரு வரி எனக்கு வராது என்பதும் அப்போதே தெரிந்துபோனது. முதல் ஆறு பக்கத்தைக் கிழித்துப் போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்புட்டும் நல்லாருக்கு. ஒரு எழுத்தக்கூட மாத்தாத" என்றேன்.

பள்ளியிலிருந்து ஒரு கதைதான் அனுப்பலாம். தமிழம்மா அவள் நோட்டில் நிலா வர்ணனையைச் சத்தமாக வாசித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது. ஏழாம் பக்கம் வரை அவர் போகவேயில்லை, நானும் எழுந்து சொல்லவில்லை. என் கதை போனது. பேச்சி சண்டை போடவில்லை. அடுத்த வாரம் நான் கொடுத்த கதையை வாங்கி, வழக்கம்போலத் திருத்தித்தான் தந்தாள். அவள் மட்டும் அப்புறம் எழுதவில்லை.

போன ஆடியில் அழகர்கோவிலில் அவளைப் பார்த்தேன், மகளோடு வந்திருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து, ஏழாம் பக்கத்தைப் பற்றி அன்று மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். மகளை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"மத்தவுக சிரிச்சதுக்கு நான் விடலடி. நீயே நல்லாருக்குன்னு சொன்ன கதைக்கே இம்புட்டுத்தான்னா, நமக்கு எழுத வராது போலன்னு விட்டுட்டேன்."

நோட்டைக் கேட்டேன். "வீடு மாத்தயில எங்கிட்டோ போயிருச்சு. அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு. சரி, பஸ்சு வந்துருச்சு, வாரேன்."

இப்போது நான் எழுதியதைத் தெரிந்தவர்களுக்குப் போனில் அனுப்பினால், படித்து முடிக்கும் நேரம்கூட ஆகாது, கைதட்டும் படங்கள் வந்து குவிகின்றன. அவளை நிறுத்தியது வகுப்பின் சிரிப்புதான் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.