பட்டியலில் இல்லாத சூங் யோக் லின்

எங்கள் ஊர் உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, இறந்துபோன வழக்கறிஞர்களை நினைத்து ஓர் அமர்வு நடக்கும். நீதிபதி வருவார். நாங்கள் கறுப்பு அங்கியோடு எழுந்து நிற்போம். இறந்தவரின் வாழ்க்கையை நண்பர் ஒருவர் எடுத்துச் சொல்வார். முன்வரிசையில் குடும்பத்தார் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். வழக்கறிஞர் சங்கத்தின் செயலாளராக இருந்த ஆறு ஆண்டுகளும் அந்தப் பெயர்ப்பட்டியலை நான்தான் தயாரித்தேன். அதில் ஒரு பெயரைச் சேர்க்க மறுத்தவனும் நான்தான்.

அந்தப் பெயர் சூங் யோக் லின். வழக்கறிஞர் அல்ல, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். காண்டனீஸ், ஹக்கா, மாண்டரின் என்ற சீன மொழிகள் மூன்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வார். அப்பா ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து இறந்தபோது லின்னுக்கு ஒன்பது வயது. அக்கா யோக் மூய்க்குப் பன்னிரண்டு. அக்கா பள்ளியை விட்டுவிட்டுச் சந்தையில் மீன் உருண்டை உருட்டப் போனார். அந்தக் காசில் தங்கை படித்தார், பரீட்சை எழுதினார், இருபத்திரண்டு வயதில் நீதிமன்றத்தில் சேர்ந்தார். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தார்கள்.

லின்னின் குரல் பெரிய குரல் அல்ல. ஆனால் சாட்சி அழுதால் அந்த நடுக்கம் விளங்கும்படி சொல்வார், தான் அழமாட்டார். சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் அதையும் அப்படியே, முகம் மாறாமல் சொல்வார். புதிய வழக்கறிஞர்கள் கூசிப்போவார்கள்.

"மேடம், அத கொஞ்சம் நாகரிகமா சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார்.

"சொன்னவர் நாகரிகமா சொல்லலயே," என்றார் லின்.

அவருக்கு எதிர் மேசையில் இருந்தவர் மலாய் மொழிபெயர்ப்பாளர் ரொக்கியா. வழக்குகளைப் பெயர் சொல்லி அழைப்பதும் அவர் வேலைதான். வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் 'காக் ரொக்கியா'. காக் என்றால் அக்கா. இருபத்தாறு ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்த இருவரும் ஒருமுறைதான் சண்டை போட்டார்கள். அது நடந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

ஒரு சமரசப் பேச்சு அது. இறந்துபோன ஒருவருடைய வீடு யாருக்கு என்று அவருடைய தாயும் மனைவியும் வழக்குப் போட்டிருந்தார்கள். தாய்க்குக் காண்டனீஸ் மட்டும்தான் தெரியும். மனைவி சபா மாநிலத்திலிருந்து வந்த கடஸான் இனப் பெண். அவளுக்குக் காண்டனீஸ் தெரியாது, மலாய்தான். நான் மனைவியின் வழக்கறிஞர். மேசையின் கோடியில் ரொக்கியா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் பேசியும் ஒன்றும் நகரவில்லை. கிழவி திடீரென்று மருமகளைப் பார்த்து ஒரே வரி சொன்னாள். எனக்கு மீன் வாங்கும் அளவுக்குத்தான் காண்டனீஸ் தெரியும். அதற்கே அது புரிந்தது. 'என் மகனைத் தின்னுட்டா.'

சமரசம் செய்துவைக்க வந்த நடுவர் லின்னைப் பார்த்தார். லின் கிழவி பக்கம் குனிந்து, காது கேட்காதவர்போல, "அம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். கிழவி மறுபடி சொன்னாள். குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

"சரியா கேக்கலம்மா. இன்னொரு தடவ."

மூன்றாம் முறை கிழவி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, வேறொன்று சொன்னாள். அதை லின் உடனே மலாயில் சொன்னார்.

"அன்னிக்குக் காலைல என் மகன் சாப்பிடாம போயிட்டான். நான் கஞ்சி வச்சிருந்தேன்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத் தெரியும். எங்கிட்ட ஃபோன்ல சொன்னாரு. அம்மா வச்ச கஞ்சிய குடிக்காம வந்துட்டேன், சாயந்திரம் போய்க் குடிக்கணும்னு சொன்னாரு."

லின் அதைக் காண்டனீஸில் சொன்னார். அதன்பிறகு அந்த அறையில் வெகுநேரம் யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அன்று மாலை கையெழுத்தாயிற்று. வீடு கிழவி இருக்கும்வரை கிழவிக்கு, பிறகு மருமகளுக்கு.

வெளியே நடையில் ரொக்கியா லின்னைப் பிடித்துக்கொண்டார். "நீ செஞ்சது தப்பு லின். உனக்குக் கேட்டுச்சு. எனக்கே கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"சொன்னத சொல்றதுதான் நம்ம வேல. இன்னிக்கு நல்லதுக்கு முழுங்கின, நாளைக்கு?"

"நாளைக்கு முழுங்க மாட்டேன்," என்றார் லின். "இன்னிக்கு ஒரு நாள்தான்."

மூன்று வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது வாரம் ரொக்கியா வீட்டிலிருந்து ஒரு டப்பா ரெண்டாங் கறி கொண்டுவந்து, லின்னின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு லின்னுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆறு ஆண்டுகள், செவ்வாய், வியாழன், சனி என்று மாலையில் டயாலிசிஸ். மறுநாள் காலை கையில் பிளாஸ்திரியோடு சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நிற்பார். உட்காரச் சொன்னால், "நின்னாதான் வாய் நல்லா வருது" என்பார். ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனையில் இறந்தார்.

திங்கட்கிழமை காலை எனக்கு ஒரு வழக்கு இருந்தது. காண்டனீஸ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று அதைத் தள்ளிவைத்தார்கள். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஈப்போவிலிருந்து சாட்சியைக் கூட்டி வந்திருந்தேன். காரணம் கேட்டபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு நினைவு அமர்வுக்குப் பத்து நாள் முன்னால் ரொக்கியா என் அலுவலகத்துக்கு வந்தார். வக்கீல்களை அவர் 'என்சிக்' என்றுதான் கூப்பிடுவார், ஐயா என்பதுபோல.

"என்சிக், பட்டியல்ல ஒரு பேரு சேக்கணும். நம்ம லின்."

"காக், அது வக்கீலுங்களுக்கு மட்டும். விதி அப்படி."

"முப்பத்தோரு வருஷம் உங்க சாட்சிங்க எல்லாரும் பேசினது அவ வாயில."

"எனக்குத் தெரியாதா காக்? நான் என்ன செய்ய முடியும்?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "ஒன்னும் செய்யாதீங்க. உங்களுக்குப் பழக்கம்தானே."

அமர்வு நாளன்று பட்டியலில் மூன்று வழக்கறிஞர்களின் பெயர் இருந்தது. குர்தியால் சிங், யாப் ஃபூக் சுன், மன்சோர் அலாவி. வழக்கம்போல ரொக்கியா எழுந்து பட்டியலை வாசித்தார். மூன்றாவது பெயருக்குப் பிறகு தாளை மடிக்கவில்லை.

"சூங் யோக் லின். இந்த நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர்."

பதிவாளர் தலையைத் தூக்கினார். நீதிபதி தம் முன்னிருந்த தாளைப் பார்த்தார், பிறகு ரொக்கியாவைப் பார்த்தார். ரொக்கியா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீதிபதி எங்கள் பக்கம் திரும்பி, "இவருக்காக யார் பேசுகிறார்கள்?" என்று கேட்டார்.

நாற்பது பேர் இருந்தோம். நான் எழுந்தேன். அந்தக் கஞ்சிக் கதையைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அது பதிவில் ஏறினால், அவர் விதி மீறியதும் பதிவில் ஏறிவிடும். வேறெதுவும் என் வாயில் வரவில்லை.

"முப்பத்தோரு ஆண்டு அவர் எங்கள் எல்லோருக்காகவும் பேசினார். அவருக்காகப் பேச நான் தயார் செய்துகொண்டு வரவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்."

அவ்வளவுதான். நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். பிறகு எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம்.

ரொக்கியாவிடம் விளக்கம் கேட்டுப் பதிவாளரிடமிருந்து கடிதம் வந்தது. 'பெயர் விடுபட்டிருந்தது, வாசித்தேன்' என்று ஒரு வரி பதில் எழுதிக் கொடுத்தார். கண்டிப்பு ஒன்று அவருடைய பணிக் கோப்பில் ஏறியது.

அந்த அமர்வின் பதிவு நகல் கைக்கு வந்ததும், நானும் அவரும் அதை எடுத்துக்கொண்டு யோக் மூய் வீட்டுக்குப் போனோம். வாசலில் இரண்டு செருப்புச் சோடிகள் கிடந்தன. ஒன்று லின்னுடையது, இன்னும் எடுக்கவில்லை. யோக் மூய் எங்களை உட்காரவைத்து, சூடாகச் சீனத் தேநீர் கொடுத்தார். முத்திரை வைத்த தாளை இரண்டு கையாலும் வாங்கினார். மலாயில் இருந்தது. திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"எனக்கு மலாய் தெரியாது," என்றார். "எந்தக் காயிதம் வந்தாலும் லின்தான் படிச்சுச் சொல்லுவா."

எனக்குத் தெரிந்த காண்டனீஸ் எனக்குக் கைகொடுக்கவில்லை. ரொக்கியா தாளை வாங்கி, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்தைக் காண்டனீஸில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொல்லத் தொடங்கினார். 'வெட்கம்' என்பதற்கு அவருக்குச் சொல் தெரியவில்லை. முகத்தைக் கையால் மூடிக் காட்டினார்.

யோக் மூய் புரிந்தது என்று தலையாட்டினார். "மறுபடி சொல்லு," என்றார்.

ரொக்கியா முதலிலிருந்து சொன்னார்.